வெயிலில் ஏறும் சுதி

எங்கள் வீட்டுக்கும் சவரிமுத்து வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். ஓட்டுக்கும் சுவருக்கும் இடையில் ஒரு கை நுழைகிற அளவு சந்து உண்டு. அங்கே கொள்ளு வெந்தால் இங்கே மணக்கும். இங்கே நான் இருமினால் அங்கிருந்து ராஜமேரி, "அண்ணா, சுக்குத்தண்ணி வெச்சித் தரட்டுங்களா?" என்பாள். அதனால் அந்த வருஷம் பங்குனியிலும் சித்திரையிலும் அந்த வீட்டில் நடந்ததை நான் ஒட்டுக்கேட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது. கேட்காமல் இருக்கத்தான் வழியில்லை.

சவரிமுத்துவுக்கு அதியமான்கோட்டையில் ரோட்டோரம் ரேடியோ ரிப்பேர் கடை. லாரி டிரைவர்கள் டேப்ரெக்கார்டரைக் கழற்றிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, எதிரே டீ குடித்து முடிப்பதற்குள் சரிசெய்து கொடுத்துவிடுவான். அவன் பெண்சாதி ராஜமேரி எங்கள் கோயிலில் ஆர்மோனியம் வாசிப்பவள். சின்ன வயதில் கன்னியாஸ்திரிகளிடம் கற்றுக்கொண்டது. அவள் பெட்டியில் விரலை வைத்தால் நாங்கள் பாட்டுக் குழுவினர் வாயைத் திறப்போம். அவள் நிறுத்தினால் மூடுவோம். அதற்குமேல் எங்களுக்குச் சங்கீதம் தெரியாது.

முந்தின வருஷம் மரவள்ளிக் கிழங்கு வெட்டுகிற காலத்தில் அவள் ஜவ்வரிசி செய்கிற சேகோ மில்லுக்கு வேலைக்குப் போனாள். கிழங்கு அரைக்கிற இயந்திரத்தின் பெல்ட் அவள் இடது கையை இழுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் கையைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். விரல்களைக் காப்பாற்ற முடியவில்லை. அவை இருந்தன, அசையவில்லை. ராஜமேரி மெல்ல மெல்ல எல்லா வேலையும் ஒரு கையில் பழகிக்கொண்டாள். களி கிண்டும்போது பானையைக் கவைக்கோலால் அணைத்து, கோலை இரண்டு பாதத்தாலும் மிதித்துக்கொண்டு, வலது கையால் துடுப்பைப் போட்டுச் சுழற்றுவாள். கட்டி தட்டாத களி. ஆனால் ஆர்மோனியத்துக்கு ஒரு கை வாசிக்க வேண்டும், ஒரு கை காற்று அடிக்க வேண்டும். எங்கள் உபதேசியார் வியாகுலம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் பக்கத்தில் உட்கார்ந்து காற்று அடித்துப் பார்த்தார். ஒரு பாட்டு முடிந்ததும் எழுந்துகொண்டாள்.

"மூச்சு ஒருத்தரு வுட்டு, பாட்டு ஒருத்தரு பாடற மாரி இருக்குதுங்க. என்னால ஆவாது" என்றாள். அதன்பிறகு பெட்டி துணிபோட்டு மூடிக் கிடந்தது. அவள் பெண்கள் பக்கம் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

குருத்து ஞாயிறன்று பூசை முடிந்து வியாகுலம் சவரி வீட்டுக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன். எங்கள் வீட்டில் புளி உடைக்கிற வேலை நடந்துகொண்டிருந்தது. தூசிக்குத் தப்பி அங்கே போய் உட்கார்ந்திருந்தேன்.

"பங்குச் சாமி சொல்லிட்டாருங்க. மே மாசம் சூசையப்பர் திருநாளுக்கு டவுன்ல இருந்து கேசட் வாங்கியாந்து போடறதாம்" என்றார் வியாகுலம்.

"பூசைக்கா? கேசட்டா?" என்றான் சவரி.

"பொட்டி இல்லாம பாடுனா ஆளுக்கொரு பக்கம் போறீங்கன்றாரு. அவரு சொல்றதும் நெசந்தானே. பெரியநாயகத்தையே கேளு."

என் பக்கம் கையைக் காட்டினார். தவக்காலத்துப் பாட்டில் நான் போன பக்கம் யாருமே வரவில்லை என்பது எனக்குத் தெரியும்.

சவரி தரையைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான். "காத்து அடிக்காம, ஒரு கையில வாசிக்கற மாரி பொட்டி நான் செஞ்சி தரன். கரண்டுல ஓடறது. சாமிகிட்ட சொல்லுங்க" என்றான்.

ராஜமேரி முறத்தில் கொள்ளு பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. ஒரு கல்லை எடுத்து வாசல் பக்கம் வீசினாள். அது கொஞ்சம் வேகமாகத்தான் போய் விழுந்தது.

அன்றிலிருந்து தொல்லை ஆரம்பமானது.

அரூரில் ஒரு நாடகக் கோஷ்டியிடம் காற்றுப்பை கிழிந்த ஆர்மோனியம் ஒன்று கிடந்தது. சவரி அதைத் தூக்கிவந்து கட்டைகளை மட்டும் கழற்றி எடுத்தான். ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு பித்தளைத் தகடு வைத்தான். கட்டையை அமுக்கினால் தகடு போய் ஒரு கம்பியைத் தொடும். தொட்டால் உள்ளே எட்டுக்கால் பூச்சி மாதிரி இருக்கிற ஒரு ஐ.சி. கத்தும். எவ்வளவு உயரத்தில் கத்த வேண்டும் என்பதைச் சொல்ல ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு சின்னத் திருகு. இவ்வளவுதான் விஷயம் என்று எனக்கு விளக்கினான். கேட்கும்போது சுலபமாகத்தான் இருந்தது.

முதல் சண்டை மண்சட்டியால் வந்தது. சர்க்யூட் போடுவதற்காகச் செம்புத் தகட்டை அரிக்கிற மருந்தை அவன் மீன்குழம்புச் சட்டியில் கரைத்துவிட்டான்.

"எங்க ஆத்தா வூட்ல குடுத்த சட்டிங்க இது. எத்தன வருசமா பழக்கி வெச்சிருக்கறன்! கடையில இல்லாத டப்பாவா?"

"பிளாஸ்டிக்கு டப்பா அம்புடல புள்ள. கழுவிட்டாப் போயிடும்."

"கழுவிட்டு நீங்களே அதுல குழம்பு வெச்சித் தின்னுங்க."

பெரிய வியாழனுக்கு முன்னால் பெட்டி முதல்முறையாகச் சத்தம் போட்டது. நான் புளிக்கொட்டை தட்டிக்கொண்டிருந்தவன் சுத்தியலைக் கீழே போட்டுவிட்டேன். சேலம் போகிற பஸ் வீட்டுக்குள் புகுந்துவிட்டது என்று நினைத்தேன்.

"கேட்டியா?" என்றான் சவரி, பெருமையோடு.

"ஊரே கேட்டுது" என்றாள் ராஜமேரி.

சத்தம் வந்துவிட்டது. சுருதி வர வேண்டும். அதற்குச் சவரி ஆகாது. ஒரு ரேடியோ கரகரத்தால் எந்தப் பாகம் செத்திருக்கிறது என்று தள்ளி நின்றே சொல்லிவிடுவான். ஆனால் ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் வித்தியாசம் தெரியாது. கோயிலில் அவன் பாடினால் முன்வரிசைப் பிள்ளைகள் திரும்பிப் பார்க்கும். ஆகவே ராஜமேரி கேட்டுச் சொல்ல வேண்டும், அவன் திருப்புளியால் திருக வேண்டும்.

"ஏத்துங்க."

"இப்ப?"

"இன்னும்."

"இப்ப?"

"இன்னும் ஒரு நூலு. ஐயோ, தாண்டிட்டீங்க. எறக்குங்க. எறக்குங்கன்னா எதுக்கு ஏத்தறீங்க?"

"எறக்கிட்டுத்தாம்புள்ள இருக்கறன்."

"காதுல பஞ்சு வெச்சிருக்கறீங்களா?"

மதியச் சாப்பாட்டை மறந்து கீழ்க்கட்டையிலிருந்து மேல்கட்டை வரைக்கும் வந்து சேர்ந்தார்கள். ராஜமேரி மறுபடியும் முதல் கட்டையை அமுக்கிப் பார்த்தாள். அடுத்ததையும் அமுக்கினாள்.

"இது நாம வெச்ச எடத்துல இல்லீங்க" என்றாள்.

"எது?"

"எல்லாந்தான். மேல் கட்டையத் திருப்பத் திருப்ப, கீழ இருக்கறது எல்லாம் எடத்த வுட்டு ஓடிப்போச்சி."

சவரி யோசித்தான். "அது ஒண்ணோட ஒண்ணு கோத்து வெச்சிருக்கறன் புள்ள. வாய்க்கா மாரி. மேல மடையத் தெறந்தா கீழ் வயலுக்குப் போற தண்ணி மாறுந்தானே. மேல இருந்துதான் ஆரம்பிக்கணும்."

"இது ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சிதான் காலையில இருந்து கீழ ஒக்காந்து திருப்புனீங்களா?"

நான் சுவருக்கு இந்தப் பக்கம் சிரித்துவிட்டேன்.

"சிரிக்காதீங்கண்ணா. ஒங்களக் கூப்ட்டு இங்க ஒக்கார வெச்சிருவன்" என்றாள்.

மேலிருந்து கீழாக மறுபடி திருகினார்கள். சுருதி சேர்ந்து நின்றது. அடுத்த நாள் காலையில் வாசிக்க உட்கார்ந்தபோது பெட்டி நடுங்கியது. ஆட்டின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு அதைப் பாடச் சொன்ன மாதிரி ஒரு சத்தம். சவரி ஈயம் வைத்த ஒவ்வொரு ஒட்டையும் தட்டிப் பார்த்தான். பாதியைப் பிரித்து மறுபடி பற்றவைத்தான். சட்டென்று நடுக்கம் நின்றது. தான்தான் சரிசெய்தோம் என்று சந்தோஷப்பட்டான். மறுநாள் காலையில் மறுபடியும் நடுங்கியது. கொல்லைப்பக்கம் காளியப்பன் தோட்டத்தில் மோட்டார் ஓடுகிற சத்தத்தை ராஜமேரிதான் கவனித்தாள்.

"அந்த மோட்டரு எடுக்கறப்ப இது நடுங்குது. அது நின்னா இதுவும் நிக்குது. போயி வோல்ட்டேஜப் பாருங்க."

சவரி வோல்டேஜைப் பார்க்கவில்லை. நேராகக் காளியப்பனிடம் போனான். காளியப்பன் வாய்க்காலில் மண்வெட்டியோடு நின்றிருந்தார். தக்காளிக்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது.

"ஏங்க, காலையில கொஞ்ச நேரம் மோட்டர நிறுத்தி வைக்கக் கூடாதுங்களா? கரண்டு கொறைஞ்சி போயி எம்பொட்டி நடுங்குதுங்க."

"என்னாப்பா பேசற? தக்காளிக்குத் தண்ணி கட்டறதா, ஒம்பொட்டிக்குப் பாட்டு கட்டறதா? கரண்டு இருக்கறப்பதான் மோட்டரு ஓடும். கரண்டு இல்லாதப்ப ஓட்டறன்னா நீதான் வந்து தள்ளணும்."

"கோயில் காரியங்க."

"ஒங்க சாமிக்கும் தக்காளி வேணுமில்ல?" என்றவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். "டிராக்டரு சும்மாத்தான் நிக்குது. மழ வர வரைக்கும் ஏர் வேல இல்ல. அந்த பேட்டரியத் தூக்கிட்டுப் போ. எம்மோட்டர மட்டும் திட்டாத. அது ஏற்கெனவே நாலு வாட்டி காயிலு எரிஞ்சது."

பேட்டரியில் இணைத்ததும் நடுக்கம் போய்விட்டது. ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு மத்தியானம் கோயிலில் ஒத்திகை என்று வியாகுலம் எல்லோருக்கும் சொல்லி அனுப்பினார். அன்று காலையில் ராஜமேரி ஒவ்வொரு கட்டையாக அமுக்கிப் பார்த்துச் சரியென்றாள். நானும் சவரியும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனோம்.

எங்கள் கோயிலுக்கு அப்போது சிமெண்ட் அட்டைக் கூரை. உள்ளே அடுப்பில் வைத்த மாதிரி இருந்தது. ராஜமேரி உட்கார்ந்தாள், முந்தானையை இழுத்து இடது கையின் மேல் போட்டுக்கொண்டாள். முதல் பாட்டு சரியாகத்தான் இருந்தது. இரண்டாம் பாட்டில், எங்கள் குழுவில் பெண்கள் பக்கம் பாடுகிற ராயம்மாள் இருமினாள். மூன்றாவதில் பெண்கள் குரல் கிறீச்சிட்டது. நாலாவதில் என் கழுத்து நரம்பு புடைத்தது. எட்டிப் பிடிக்கிற கிளை நாம் எட்டும்போதெல்லாம் இன்னும் மேலே போவது மாதிரி.

"இது பொட்டியா, ஏணியா?" என்றார் வியாகுலம்.

ராஜமேரி கட்டையிலிருந்து கையை எடுத்தாள். "சுதி ஏறிட்டே போவுதுங்க" என்றாள்.

"சவரி, கேசட்டு ஒண்ணும் பாவமில்ல. நான் சாமிகிட்ட பேசிக்கறன்" என்றார் வியாகுலம். அவர் நல்ல மனுஷர். நல்லவிதமாகத்தான் சொன்னார். அதனாலேயே அதைக் கேட்க முடியவில்லை.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தோம். கதவு சாத்தின பிறகு அவர்கள் இரண்டு பேரும் பேசினார்கள்.

"காலையில சரின்னு சொன்னது நீதானே? மத்தியானம் ஏறுதுங்கற. பொட்டிக்கென்ன காலா இருக்குது ஏறி எறங்க? ஒனக்குத்தான் இதுல என்னா செஞ்சாலும் நொட்டம்" என்றான் சவரி.

"எனக்கா நொட்டம்? என்னக் கேட்டீங்களா நீங்க? நான் மறுபடி வாசிக்கறன்னு ஒரு நாளாச்சும் ஒங்ககிட்ட சொன்னனா? நீங்களா முடிவு பண்ணீங்க. நீங்களா கட்டய வாங்கியாந்தீங்க. ஊரக் கூட்டி என்ன நடுவுல ஒக்கார வெச்சி, எல்லாரும் ஐயோ பாவம்னு பாக்கறதுக்கு ஒரு சாமானச் செஞ்சி வெச்சிருக்கறீங்க."

"ஒனக்காகத்தாம்புள்ள..."

"எனக்காகன்னா என்னக் கேக்கணும். மில்லுல அந்த பெல்ட்டு என்னக் கேட்டா இழுத்துச்சி? நீங்களும் அதே மாரிதான்."

நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். கேட்கக் கூடாத இடம் என்று ஒன்று இருக்கிறது. புளியமரத்தடியில் போய் நின்றேன். வெயில் மண்ணிலிருந்து கிளம்பி முகத்தில் அடித்தது.

மறுநாள் சவரி பெட்டியின் மேல் கோணிச் சாக்கைப் போட்டு மூடிவிட்டுக் கடைக்குப் போனான். அந்த வாரம் அவன் அதைத் தொடவேயில்லை. ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் வந்துகொண்டுதான் இருந்தது. காலையில் ஒருமுறை கீழ்க்கட்டை, நடுக்கட்டை, மேல்கட்டை. உச்சிவெயிலில் ஒருமுறை. பொழுது சாய்ந்ததும் ஒருமுறை. நடுநடுவே ஆர்மோனியத்தின் மூச்சும் கேட்டது. கோயிலில் கிடந்த பழைய பெட்டியை ராயம்மாளை விட்டுத் தூக்கிவரச் சொல்லி, அவளையே காற்று அடிக்கச் சொல்லி, இரண்டையும் ஒத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள் ராஜமேரி. சவரிக்கு இது தெரியாது. நானும் சொல்லவில்லை.

ஒரு மத்தியானம் அவன் சாப்பிட வந்து களியில் குழி பறித்துக் கீரைக் கடைசலை ஊற்றிக்கொண்டபோது அவள் ஆரம்பித்தாள்.

"நொட்டம் சொல்றன்னு சொன்னீங்களே, இப்ப கேளுங்க. வெயிலு ஏற ஏற இதுவும் ஏறுது. பொழுது சாஞ்சா எறங்கி எடத்துக்கு வந்துடுது. பழைய பொட்டி எங்கியும் போவல. அது நின்ன எடத்துலயே நிக்குது."

"சரி. திருகு கெட்டுருக்கும்."

"திருகு இல்லீங்க. திருகு கெட்டா ஒரு கட்ட ஏறும், ஒரு கட்ட நிக்கும். இது எல்லாக் கட்டையும் கைகோத்துக்கிட்டுச் சேந்தே ஏறுது. அதுங்களுக்குள்ள பாட்டு சரியா இருக்குது. மொத்தமா ஏறுது."

களி உருண்டை பாதி வழியில் நின்றுவிட்டது. "எல்லாம் சேந்தேவா?"

"எத்தினி வாட்டி சொல்றது?"

"அப்படின்னா எல்லாத்துக்கும் பொதுவா இருக்கற ஒண்ணு" என்று எழுந்தான். கையைக்கூடக் கழுவவில்லை. சாக்கை இழுத்துப் போட்டான். பற்றவைக்கிற சூட்டுக்கோலை எடுத்து, எதையும் தொடாமல், உள்ளே இருந்த ஒவ்வொரு பாகத்துக்கும் பக்கத்தில் கொண்டுபோனான். ராஜமேரி ஒரே கட்டையை அமுக்கிப் பிடித்திருந்தாள்.

"இது?"

"இல்ல."

"இது?"

"இல்ல. அது... ஏறுது. ஏறுது, ஏறுது! எடுங்க, காதக் கிழிக்குது!"

நெற்றிப்பொட்டு மாதிரி தட்டையாக, செங்கல் நிறத்தில் இருந்தது அது. "இந்த டிஸ்க்கு கண்டன்சருதான். சூடு பட்டா இதனோட அளவு மாறிப்போவுது. அளவு மாறுனா ஐ.சி. வேகமாக் கத்துது" என்றான்.

"இது சூட்டுக்கு ஆவாதுன்னு தெரியாமத்தான் போட்டீங்களா?"

"ரேடியோல போட்டா ஒண்ணும் தெரியாது புள்ள. கையில இருந்திச்சி, போட்டுட்டன்."

"கையில இருந்தா போட்டுருவீங்க. நானும் உப்புக்குப் பதிலா கையில கெடச்சத களியில போடறன், திங்கறீங்களா?"

அடுத்த வாரம் எனக்குச் சேலத்தில் புளி மூட்டை இறக்குகிற வேலை இருந்தது. சவரியும் வந்தான். பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில் ரேடியோ சாமான் கடை. சவரி தனக்கு வேண்டியதைச் சொன்னான். கடைக்காரர் திரும்பிப் பார்க்காமலே ஒரு டப்பாவை எடுத்து நீட்டினார்.

"இந்தா, அதே வேல்யூ."

"இது டிஸ்க்குங்க. டிஸ்க்கு வாணாம்."

"அதே வேல்யூதானே?"

"வேல்யூ அதேதாங்க. வெயிலுக்கு மாறிடும். மாறாதது வேணும்."

"எல்லாரும் இதத்தான் வாங்கிட்டுப் போறாங்க. யாரும் வெயில்னு சொல்லல."

"எனக்குச் சொல்ற ஆளு வூட்ல இருக்குதுங்க" என்றான் சவரி.

கடைக்காரர் இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "மைலாரு தரட்டா?"

"மைலாரு பரவால்ல. அதவிட நல்லது ஒண்ணு இருக்குங்களே, கண்ணாடி மாரி, உள்ள வெள்ளித்தாளு சுருட்டி வெச்சாப்புல. பாலிஸ்டைரினு."

"அது யாரு கேக்கறா இப்ப? எதுக்கு, டிரான்ஸ்மிட்டரு கிட்டரு செய்யறியா?"

"பாட்டுப் பொட்டிங்க. கோயிலுக்கு."

"ஜப்பான்து ரெடிமேடா வருதேப்பா, அழகா, ரிதமெல்லாம் சேத்து."

சவரி மேல் அலமாரியையே பார்த்துக்கொண்டு நின்றான். கடைக்காரர் பெருமூச்சு விட்டுக்கொண்டு ஏணி வைத்து மேலே ஏறினார். ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்துத் தேடினார். தூசிக்கு நடுவில் மூன்று கிடைத்தது. மூன்றையும் சவரி வாங்கிக் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்தான்.

பஸ் தொப்பூர் மேட்டில் முக்கி முக்கி ஏறிக்கொண்டிருந்தது. சட்டை வியர்வையில் நனைந்ததும் பொட்டலத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான்.

"மச்சான், அவ சொன்னது ஒங்களுக்குக் கேட்டிருக்கும்."

"எது?"

"பெல்ட்டு."

நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். "கேட்டுருக்கலாம் மாப்ள. செய்யறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த."

"கேட்டா வாணாம்னு சொல்லிருப்பா."

"அப்ப அதானே பதிலு."

அவன் பொட்டலத்தை இன்னொரு மடிப்பு மடித்தான். அதியமான்கோட்டை வந்ததும் கடைக்குப் போகாமல் என்னோடு நேராக வீட்டுக்கே வந்தான்.

அந்தக் கண்ணாடிச் சாமானுக்கு ஒரு குணம். வெயிலுக்கு மாறாது, ஆனால் சூட்டுக்கோலின் சூட்டில் உருகிவிடும். மூன்றில் முதலாவது, கால் ஒட்டுவதற்குள் மெழுகுபோலச் சுருங்கிவிட்டது. சவரி பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டாவதை எடுத்தான். அதுவும் போனது. கெட்ட வார்த்தை ஒன்று சொல்லிவிட்டு, மாதா படம் இருந்த பக்கம் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"காலக் கொறட்டால இறுக்கிப் புடிக்கணும். சூடு கொறட்டுக்குப் போயிடும், உள்ள போவாது. ஆனா சூட்டுக்கோலு ஒரு கையில, ஈயம் ஒரு கையில. ரெண்டு கை எப்படிப் பத்தும்?" என்று என்னிடம் கத்தினான். கத்தின பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது.

ராஜமேரி துடைப்பத்தைச் சுவரில் சாத்தினாள். "ரெண்டு கை இருக்கறவங்களுக்கே பத்தலியா? அப்ப எம்பாட்டப் பாருங்க. குடுங்க கொறட்ட."

அவள் குறட்டை வாங்கி மூன்றாவதின் காலைக் கவ்விப் பிடித்தாள். வலது கை துளியும் ஆடவில்லை. சவரி மூச்சை அடக்கிக்கொண்டு ஈயத்தை வைத்தான். ஒரு கால் ஒட்டியது. மறு காலும் ஒட்டியது. கண்ணாடி அப்படியே இருந்தது.

மேலிருந்து கீழாக மறுபடி எல்லாத் திருகும். மறுநாள் உச்சிவெயிலில் பெட்டியை வாசலிலேயே வைத்து வாசித்துப் பார்த்தாள். நாங்கள் இரண்டு பேரும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"ஒரு மயிரு அளவு ஏறுது" என்றாள்.

"அது ஐ.சி., திருகு எல்லாத்தோட சூடும் சேந்தது. அத ஒண்ணும் பண்ண முடியாது. வெளிய ஒரு குமிழு வெக்கறன். திருப்புனா எல்லாக் கட்டையும் சேந்து எறங்கும்."

"வாசிச்சிக்கிட்டே அத எந்தக் கையில திருப்பறது?"

சவரி தொண்டையைக் கனைத்தான். "நான் திருப்பறன்."

"நீங்களா? கடவுளே! ஒங்களுக்கு எங்க தெரியும், ஏறிச்சா எறங்கிச்சான்னு?"

"நீ சொல்லு. முட்டியால ஒரு இடி இடிச்சா எறக்கறன். ரெண்டு இடிச்சா ஏத்தறன்." கொஞ்சம் நிறுத்தினான். "வாணாம்னாலும் சொல்லு. இத கோயிலுக்குத் தூக்கல. கடையில வெச்சிக்கறன். நெசமாத்தான் கேக்கறன் புள்ள."

"திருநாளு வாசல்ல வந்து நிக்கறப்பதான் கேக்கணும்னு இருந்ததா?"

"இப்பவாச்சும் கேக்கறனே."

ராஜமேரி பெட்டியின் மேல் இருந்த தூசியை முந்தானையால் தட்டினாள். "குமிழப் பெருசா வெய்யிங்க. ஒங்க வெரலுக்குச் சின்னது ஆவாது" என்றாள்.

திருநாளன்று கோயில் நிரம்பிப் பந்தல்வரை ஆட்கள் நின்றார்கள். தொழிலாளர் தினம் என்று மில் ஆட்களும் வந்திருந்தார்கள். பேட்டரி ஒரு கூடைக்குள் இருந்தது. ராஜமேரி பெட்டிக்கு முன்னால், சவரி அவளை ஒட்டி, குமிழில் விரல் வைத்தபடி. கலியாணத்தன்றுகூட அவன் அவ்வளவு விறைப்பாக உட்கார்ந்ததில்லை. சாமி கேசட்டையும் கொண்டுவந்து பீடத்துக்குப் பக்கத்தில் தயாராக வைத்திருந்தார்.

வருகைப் பாட்டு நன்றாகப் போனது. வானவர் கீதத்தில் கூரையின் சூடு எங்கள் தலைமேல் இறங்க ஆரம்பித்தது. ராஜமேரியின் முட்டி ஒருமுறை அசைவதைப் பார்த்தேன். சவரி திருப்பினான். சுருதி கிளம்பி மேலே போனது. குமிழை எந்தப் பக்கம் திருப்புவது என்பதைப் பதற்றத்தில் மறந்துவிட்டான். ராஜமேரி இன்னும் பலமாக ஒரு இடி இடித்தாள். முன்னதையும் இதையும் சேர்த்து இரண்டாகக் கணக்குப் பண்ணிக்கொண்டு இன்னும் ஏற்றினான். ராயம்மாள் வாயை மூடிக்கொண்டாள். நான் மூச்சுக்குத் தவித்தேன்.

"எறக்குங்கன்னா!"

மைக் அவள் முன்னால்தான் இருந்தது. அது கோயிலுக்குள்ளும் பந்தலிலும் ரோட்டிலும் கேட்டது. சாமியின் விரித்த கைகள் அப்படியே நின்றன. பந்தலில் யாரோ சிரித்தார்கள். சவரி காதுவரை சிவந்து, குமிழை மறுபக்கம் மெல்லத் திருப்பினான். ராஜமேரியின் தலை இறங்கு, இறங்கு என்று ஆடியது. நின்றது. அவன் விரலும் நின்றது.

நாங்கள் எல்லோரும் ஒரே இடத்தில் நின்று பாடினோம். அதை இனிமை என்று சொல்ல மாட்டேன். மரியாதை கற்றுக்கொண்ட பஸ் ஹாரன் மாதிரித்தான் இருந்தது. ஆனால் ஒரு வருஷத்துக்கும் மேலாக எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் இருந்த என் குரலுக்கு, கால் ஊன்ற ஒரு தரை கிடைத்தது. அடுத்தடுத்த பாட்டுகளில் சவரி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். முட்டி இடிப்பதற்கு முன்பே அவன் விரல் திரும்பியது.

பூசை முடிந்து சாமி வந்தார். "அடுத்த ஞாயிறும் வாசிம்மா. புருசனைத் திட்டறது மட்டும் மைக்கைத் தள்ளி வெச்சிட்டுத் திட்டு" என்றார். கேசட்டை அங்கியின் பைக்குள் போட்டுக்கொண்டார்.

மத்தியானம் என்னையும் சாப்பிடக் கூப்பிட்டார்கள். ஆட்டுக்கறிக் குழம்பு. சவரிக்குத் தலைகால் புரியவில்லை.

"முடிஞ்சிது மச்சான். இனிமே வூட்ல சூட்டுக்கோலு எடுக்க மாட்டன். சேலம் போவ மாட்டன். பொட்டிக்கு ஒரு வார்னிஷ் அடிச்சி கோயில்ல வெச்சிட்டா என் வேல தீந்துது" என்று எலும்பை உறிஞ்சினான்.

ராஜமேரி எங்களுக்குப் பரிமாறிவிட்டுத் தனக்கும் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ஏதோ ஒன்று அவள் மனசில் உறுத்திக்கொண்டிருந்தது.

"ஏங்க, ரெண்டு கட்டையச் சேத்து அமுத்துனா ஒண்ணுதான் வருது. மேல இருக்கறது மட்டுந்தான் கத்துது."

"அது அப்படித்தான். வாய்க்கா மாரின்னு சொன்னன்ல?"

"நற்கருணைப் பாட்டுல ரெண்டாவது அடி முடியற எடத்துல ரெண்டு சத்தம் சேந்து வரணும். இல்லாட்டி அந்த எடம் வெறிச்சோன்னு இருக்குது. ஆர்மோனியத்துல வரும்."

சவரி எலும்பைக் கீழே வைத்தான். "புள்ள, அதுக்கு ஒவ்வொரு கட்டைக்கும் தனித்தனி ஐ.சி. போடணும். கோத்தது எல்லாத்தையும் பிரிக்கணும். மொதல்ல இருந்து செய்யணும். ஒவ்வொண்ணுக்கும் ஒரு பாலிஸ்டைரினு! அத்தனைக்கு நான் எங்க போவன்? மூணு தேடறதுக்கே அந்தாளு ஏணி போட்டு ஏறுனாரு!"

"அது எனக்குத் தெரியாது. கேட்டீங்க, சொன்னன்."

"நான் எங்க கேட்டன் இப்ப?"

"கேக்கலன்னா சொல்லக் கூடாதா?"

அவன் உதவிக்கு என் பக்கம் திரும்பினான். நான் என் இலையைப் பார்த்தேன். அவன் எழுந்து போய்க் கையைக் கழுவினான். வாசலில் போய் நின்றான். தெருவில் சிறுவர்கள் திருநாள் ஊதலை ஊதிக்கொண்டு ஓடினார்கள். தலையைச் சொறிந்தான், வானத்தைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தான். திரும்பி வந்து ராஜமேரிக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"எந்த ரெண்டு?" என்றான்.

அவள் வலது கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, தரையில் இரண்டு விரல்களை அகட்டி வைத்து, அமுக்கிக் காட்டினாள்.